பின் சக்கரத்து அம்பு

வெள்ளிக்கிழமை மாலை சைக்கிளைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து முன்கூடத்தில் சாய்த்து வைத்த பிறகுதான் தியாகராஜா அதைக் கவனித்தார். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. சக்கரம் எந்தப் பக்கமாகச் சுழல வேண்டும் என்று காட்டுகிற அம்பு. பின் சக்கரத்தைத் தூக்கி மிதியைச் சுற்றிப் பார்த்தார். சக்கரம் முன்னால் போனது. அம்பு பின்னால் காட்டிக்கொண்டே சுற்றியது. முன் டயரைப் பார்த்தார். அதில் எல்லாம் சரியாக இருந்தது.

அவருக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் குறிகளைச் சரிபார்த்தே தலை நரைத்துவிட்டது. மேலே பார்க்க வேண்டிய அம்பு கீழே பார்த்தால், உள்ளே ஏதோ உடைந்திருக்கும். இல்லையென்றால் யாரோ கை வைத்திருப்பார்கள். மூன்றாவது காரணம் ஒன்றை அவர் இதுவரை கண்டதில்லை.

சைக்கிளில் இருந்தது புது டயர். ஞாயிற்றுக்கிழமை கொடிமலை ஏறும் சைக்கிள் போட்டிக்காகக் கடைக்காரன் ஹபீப் முகம்மது தேர்ந்தெடுத்தது. தியாகராஜா கேட்டது வேறு: பற்கள் குட்டையாக, நெருக்கமாக இருக்கும் டயர். வெயில் காலத்தில் இறுகிப்போன பாதையில் அது லேசாக ஓடும். ஹபீப் வானத்தைக் காட்டிச் சிரித்தான். "மழைக்கு அது ஆகாதுண்ணே. பல்லுக்கு நடுவுல சேறு அடைச்சுக்கிட்டா அப்புறம் அது டயர் இல்ல, வாழைப்பழத் தோலு." பற்கள் உயரமாக, இடைவெளி விட்டு நிற்கும் ஒன்றை எடுத்தான். சேறு தானாக உதிர்ந்துவிடுமாம். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். சூலியா ஸ்திரீட்டில் அந்தச் சின்ன சைக்கிள் கடையை அவன் நடத்த ஆரம்பித்ததிலிருந்து ஒரு டயரைக்கூடத் திருப்பி மாட்டியதில்லை.

அப்படிப்பட்டவன் இதை ஏன் திருப்பி மாட்டினான்?

அந்தப் போட்டி இருவர் இருவராக ஓடுவது; இவருக்கு ஹபீப்தான் ஜோடி. பின்னால் வந்து சேர்கிறவனின் நேரம்தான் இருவருக்கும் நேரம். வேகமானவனுக்கு மெதுவானவன் ஒரு சுமை. தியாகராஜா மெதுவானவர். இது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசியதில்லை. உண்மையில் அவர்கள் எதையுமே அதிகம் பேசியதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீர்மலைப் பக்கமிருந்து காட்டுப்பாதையில் கொடிமலைக்கு ஏறுவார்கள். ஹபீப் முன்னால் போவான். திரும்பிப் பார்க்கவே மாட்டான். பின்னால் இவர் வருவார் என்பது அவனுக்குத் தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் மலையேறுகிற அந்தக் காலைப்பொழுதுக்காகத்தான் தியாகராஜா வாரத்தின் மற்ற நாட்களைக் கடந்தார். அலுவலகத்தில் பேச வேண்டும். கோயில் கூட்டத்தில் பேச வேண்டும். ஹபீபிடம் மட்டும் பேசாமலே இருக்கலாம். அது போய்விட்டால் அந்த இடத்தில் வைக்க அவரிடம் வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போன பாசாரில் மூக்குக்கண்ணாடிக் கடை ஷேக் அலாவுதீன் எதிர்ப்பட்டார். அவரும் போட்டிக்குப் போகிறவர். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்.

"என்னண்ணே, நாளைக்கு நீங்க ஓடுறீங்களா, இல்ல கைதட்ட வர்றீங்களா?"

"ஏன்?"

"புதன்கிழமை உங்க ஜோடி மலையில வேற ஜோடியோட நின்னாரு. இஸ்மாயில் இருக்கானே, ஸ்கூல் வாத்தியாரு, காத்து மாதிரி ஏறுவான். ரெண்டு பேரும் அந்தச் செம்மண் சரிவுல ஏறுறதும் எறங்குறதும்... பிராக்டிஸ் போல லா."

தியாகராஜா மீன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். புதன்கிழமை மலைக்குப் போவதாக ஹபீப் அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி கமலாம்பிகை மீனைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவரிட்ட நேரா கேட்டா என்னப்பா?" என்றாள்.

"கேட்டா சொல்லிடுவானா?"

"கேளாட்டி எப்பிடிச் சொல்லுறது?"

கேட்பது என்றால் சந்தேகப்பட்டதை ஒப்புக்கொள்வது. கேட்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். அன்று மதியம் கடைக்குப் போனார்.

கடையில் கூட்டம். ஹபீப் குந்தி உட்கார்ந்து யாருடைய சங்கிலிக்கோ எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தியாகராஜா சற்று நேரம் நின்று அவன் முகத்தைப் பார்த்தார். எப்போதும் இருக்கிற முகம்தான். ஆனால் எப்போதும் அந்த முகத்தை அவர் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. அதனால் ஒப்பிட ஒன்றுமில்லை.

"பின் டயர மாட்டினது யாரு?"

"நான்தான். என் கையாலதாண்ணே மாட்டினேன்." நிமிர்ந்து பார்த்தான். "ஏன்?"

ஏன் என்று கேட்டபோது அவன் கண்ணில் ஏதோ எதிர்பார்ப்பு இருந்தது போல் தோன்றியது. மாட்டிக்கொண்டவனின் எதிர்பார்ப்பு என்று தியாகராஜா முடிவு செய்தார்.

"சும்மா. நல்லா இருக்கா?"

"ஏறும்போது தெரியும் லா," என்று ஹபீப் சிரித்தான். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

ஏறும்போது தெரியும். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவை இன்னும் கொஞ்சம் கறுத்தன. சரிவில் இவர் சறுக்கி விழ வேண்டும். நாலு பேர் பார்க்க வேண்டும். அடுத்த வருஷம், 'அண்ணே, உங்களுக்கு வயசாச்சு' என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அடுத்த ஞாயிறே இஸ்மாயில் அந்த முதுகுக்குப் பின்னால் ஏறுவான்.

வீட்டுக்கு வந்ததும் பின் சக்கரத்தைக் கழற்றினார். டயரை நெம்ப அவரிடம் கருவி இல்லை. சமையலறையிலிருந்து இரண்டு கரண்டிகளை எடுத்து, காம்பை உள்ளே விட்டு நெம்பினார். ஒன்று வளைந்தது. டயரைத் திருப்பி, அம்பு முன்னோக்கிப் பார்க்கும்படி மாட்டிக் காற்றடித்தார். கமலாம்பிகை வளைந்த கரண்டியை எடுத்துப் பார்த்தாள்.

"இனி இதால என்னத்தக் கிளறுறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு விடியும்போதே மழை தூறிக்கொண்டிருந்தது. தண்ணீர்மலை அடிவாரத்தில் சைக்கிள்கள் கூடியிருந்தன. ஹபீப் தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான்.

"குளுகோஸ் போட்டிருக்கேன். ஒரு வாய் குடிங்க."

"வேணாம்." தியாகராஜா தன் பிரேக்கை இழுத்துப் பார்த்தார். பிறகு சக்கரத்தின் திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். ஹபீப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கட்டும் என்று இவர் மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

கிளம்பினார்கள். தார்ச் சாலை முடிந்து மண்பாதை தொடங்கியதும் வழக்கம் போல அந்த முதுகு முன்னால் போனது. மழை வலுத்தது. சேறு தெறித்து டயர்களின் பக்கங்கள் எல்லாம் ஒரே நிறமாயின. முன்னால் போகிறவனின் சக்கரத்தை உற்றுப் பார்த்தபடியே ஏறினார். தன்னைத் தவிக்க விடத் தோதான இடம் எது என்று ஒவ்வொரு வளைவிலும் யோசித்தார்.

செம்மண் சரிவு வந்தது. ஹபீப் இருக்கையிலிருந்து எழாமல் மெல்ல மிதித்து ஏறினான். பற்கள் மண்ணைக் கவ்வுவது கண்ணுக்கே தெரிந்தது. தியாகராஜா பின்தொடர்ந்தார். பாதிச் சரிவில் பின் சக்கரம் சுற்றியது, சைக்கிள் நகரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். சக்கரம் வேகமாகச் சுற்ற, அவர் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் கை ஊன்றினார்.

தள்ளிக்கொண்டு மேலே வந்தபோது ஹபீப் ஒரு மரத்தடியில் இறங்கி நின்றான்.

"நிக்கவே கூடாத எடத்துல ஏண்ணே நின்னுச்சு?"

குனிந்து கட்டை விரலால் பின் டயரின் பக்கத்தைத் துடைத்தான். அம்பு தெரிந்தது. முன்னோக்கிப் பார்த்தது.

"யாரு திருப்பினா?"

தியாகராஜா கையில் ஒட்டியிருந்த சேற்றைச் சட்டையில் துடைத்தார்.

ஹபீப் தன் சைக்கிளை அவர் பக்கம் திருப்பி, பின் டயரைத் துடைத்துக் காட்டினான். அதில் அம்பு பின்னோக்கிப் பார்த்தது.

"அம்பு பாத்த பக்கம் மாட்டினா சமதரையில லேசா ஓடும். திருப்பி மாட்டினா பல்லு வேற பக்கமா மண்ணைக் குத்தும். ஈரத்துல ஏறுறதுக்கு அதுதான் லாயக்கு. சரியா வருதான்னு தெரியணும்ல. புதன்கிழமை இஸ்மாயில் டயர நேரா விட்டு, என்னுதத் திருப்பி மாட்டி, ரெண்டு பேரும் இந்தச் சரிவுலயே ஏறிப் பாத்தோம். அவன் அப்படி ஏறுறவன், அவனே சறுக்கினான். அப்புறம்தான் உங்களுக்கும் மாட்டினேன்."

"சொல்லியிருக்கலாமே," என்றார் தியாகராஜா. குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"குறி பாக்குறதுதானே உங்க வேலை. எப்படியும் பாப்பீங்க, பாத்தா கேப்பீங்கன்னு நெனச்சேன். கடைக்கு வந்து டயரப் பத்திப் பேச்செடுத்தீங்க. ஏன்னு கேட்டேன். சும்மான்னு சொன்னீங்க." ஈரமான தலையைத் துடைத்துக்கொண்டான். "என்னை என்னன்னு நெனச்சீங்கண்ணே?"

அவன் டயரை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம். கடையில் அவன் சைக்கிள் சுவரோரம்தான் நின்றது. தியாகராஜா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலாக எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"இஸ்மாயில்..." என்ற பெயர் மட்டும்தான் வெளியே வந்தது. அதுவே போதுமாக இருந்தது. ஹபீப் தலையசைத்தான். பையிலிருந்து நெம்பியை எடுத்து சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தான்.

இருவரும் குனிந்து வேலை செய்தார்கள். கீழிருந்து ஜோடிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஷேக் அலாவுதீன் மூச்சு வாங்கிக்கொண்டே, "மலையிலயே பட்டறை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தியாகராஜா காற்றடித்தார். ஹபீப் டயரை அழுத்திப் பார்த்துக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டான். ஈரத்துக்கு இறுக்கமாக இருக்கக் கூடாது. இதே மௌனத்தில்தான் இத்தனை ஞாயிறுகளும் போயின என்று தியாகராஜா நினைத்தார். ஆனால் அது வேறு மௌனம். அதில் காது கொடுத்துக் கேட்க எதுவும் இருந்ததில்லை. இதில் அவன் நெம்பியைப் பைக்குள் போட்ட சத்தம்கூடக் கேட்டது.

மீதிச் சரிவுகளில் டயர் கவ்வியது. ஒரு இடத்திலும் சறுக்கவில்லை. போட்டி முடிகிற உச்சியில் சாவடிக்காரர் இருவர் கையிலும் முத்திரை குத்தினார். கடைசிக்குச் சற்று முந்திய இடம். ஹபீப் புட்டியை வெளியே எடுத்துத் தான் குடித்தான். பிறகு ஒரு கணம் யோசித்துவிட்டு மூடியைத் திருகிப் பையில் வைத்துக்கொண்டான்.

"அடுத்த ஞாயிறு..." என்று தொடங்கினார் தியாகராஜா.

"எறங்குவோம்ணே. பாதை இன்னும் மோசமாகும்."

ஹபீப் முன்னால் போனான். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தான். இரண்டாவது வளைவிலும் பார்த்தான். இவர் பத்திரமாக வருகிறாரா என்று பார்த்தானா, இல்லை பின்னால் வருகிறவர் என்ன செய்கிறார் என்று பார்த்தானா என்பது மழையில் தெரியவில்லை. அவன் திரும்பும்போதெல்லாம் தியாகராஜா பிரேக்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஒன்றுமில்லை என்பது போலக் காட்டினார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வளைவிலும் அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.