மூன்றாவது அச்சு

பினேகா ஆற்றங்கரையில் மரம் வெட்டுகிறவர்களின் குடியிருப்பு சுர்கா. அங்கே இருந்த தெரெந்திக்கு ஒரே ஆசைதான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட தன் பழைய ஜீப்புக்கு ஆறு சக்கரம் பூட்ட வேண்டும். ஆறையும் என்ஜினே சுற்ற வேண்டும். இலையுதிர் காலத்துச் சேற்றில் நாலு சக்கர வண்டி எதுவும் சுர்காவை விட்டு வெளியே போனதில்லை.

ஜீப்பின் அடிவயிற்றில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. என்ஜினின் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். பங்குப்பெட்டி என்பார்கள். தெரெந்தி அதன் முதுகைத் துளைத்து, உடைந்த லாரியொன்றின் பல்சக்கரத்தை உள்ளே கோத்து, மூன்றாவது அச்சுக்கு ஒரு தண்டை வெளியே இழுத்தான். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையே கதி. மனைவி உலியானா கொண்டுவந்து வைக்கும் மீன் சூப்பில் ஆடை கட்டிப்போகும்; அவன் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான்.

மே மாத விடுமுறையன்று ஊரையே கூட்டிவிட்டான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிக் கியரைப் போட்டான். முன்னால் இருந்த நாலு சக்கரங்களும் முன்பக்கம் சுற்றின. கடைசி இரண்டும் பின்பக்கம் சுற்றின. வண்டி நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று நடுங்கி, கூட்டத்தின் மேல் சேற்றை வாரி இறைத்து, கடைசியில் டமாரென்று பெட்டி வெடித்து நின்றது. இடையில் ஒரு பல்சக்கரம் அதிகமானால் சுற்றும் திசை மாறிவிடும். பள்ளிப் பையனுக்குத் தெரிந்த கணக்கு. அவனுக்கு மறந்து போயிருந்தது.

வெட்டுக் கூட்டத்தின் மேஸ்திரி சவேலிதான் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னடா தெரெந்தி, வண்டிக்குள்ளயே சண்டையா? முன்னாடி இருக்கிறது கடைக்குப் போகணுங்குது, பின்னாடி இருக்கிறது வீட்டுக்குப் போகணுங்குது!"

கூட்டம் குலுங்கியது. சவேலி அதோடு விடவில்லை.

"ஏம்மா உலியானா, வீட்டுல எப்படி? அங்கயும் இவன் ரிவர்ஸ்தானா?"

உலியானா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். கண்ணாடி வழியாகத் தெரெந்தி அதைப் பார்த்தான். மற்றவர்கள் சிரித்தது அவனுக்குக் காதோடு போயிற்று. அவள் சிரித்தது உள்ளே இறங்கித் தங்கிவிட்டது.

அன்று முதல் அவன் பெயர் 'ரிவர்ஸ்'. ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றால், "வழி விடுங்கப்பா, ரிவர்ஸ் வருது" என்பார்கள். அவன் வெடித்த பெட்டியைப் பற்றவைத்தான். மூன்றாவது அச்சைத் தலைகீழாகப் புரட்டிப் பூட்டினான், திசை சரியாகிவிட்டது. யாரையும் கூப்பிடாமல் தனியாகச் சதுப்புக்குள் ஓட்டிப் போய்த் திரும்பி வந்தான். உலியானாவிடம்கூடச் சொல்லவில்லை.

இலையுதிர் காலத்தில் பள்ளத்தில் சரிந்த டிராக்டர், ஓட்டிய சவேலியின் வலது காலை நசுக்கிவிட்டது. மழை விடாமல் பெய்து பாதையெல்லாம் கூழாகிக் கிடந்தது. மூடுபனியில் ஹெலிகாப்டர் கிளம்பாது என்று மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லிவிட்டார்கள். சதுப்பில் ஆறு சக்கர வண்டியின் தடத்தைப் பார்த்திருந்தவர்கள் ஒரு கதவைக் கழற்றி, சவேலியை அதில் கிடத்தி, தெரெந்தியின் முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். சவேலியின் மனைவி ரயீஸா கூடவே ஓடிவந்தாள்.

தெரெந்தி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"எடேண்டா!" என்றார்கள் தூக்கி வந்தவர்கள்.

"சிரிக்கச் சொல்லுங்க."

"என்னது?"

"அன்னிக்கு வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சான்ல. அதே மாதிரி சிரிக்கட்டும். எடுக்கிறேன்."

ரயீஸா சேற்றில் மண்டி போட்டு, அவன் அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டாள். "தெரெந்தி குஸ்மிச்! உங்க கையைப் புடிச்சிக் கேக்கிறேன்…"

"உன்னைக் கேக்கலம்மா."

சவேலியின் முகம் சாம்பலாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ ஓசை எழுப்பினான்.

"அது முனகல். எனக்கு உன் சிரிப்புத் தெரியும்."

"தெரெந்தி, போதும்!" என்றாள் உலியானா.

அவன் திரும்பினான். "நீயும் சிரியேன். நீயும்தான சிரிச்ச?"

மழை பெய்துகொண்டே இருந்தது. பிறகு சவேலி சிரித்தான். அடிபட்ட நாய் ஊளையிடுவதுபோல ஒரு குரல் எழும்பி உடைந்து மறுபடி எழும்பியது. சுற்றி நின்ற ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அது முடியும் வரை தெரெந்தி கேட்டான். அப்புறம்தான் சாவியைத் திருகினான்.

உலியானா பின்னால் ஏறி, நசுங்கிய காலை மடியில் ஏந்திக்கொண்டாள். வண்டி சதுப்பை உழுதுகொண்டு போயிற்று. எங்கும் புதையவில்லை, ஆறு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றின. பின்னால் சவேலி அலறினான், ரயீஸா அழுதாள். தெரெந்தியின் காதில் பங்குப்பெட்டியின் சீரான ரீங்காரம்தான் விழுந்தது. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. வழியெல்லாம் அவன் முகம் மலர்ந்திருந்ததைக் கண்ணாடியில் உலியானா பார்த்தாள்.

காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று ரயீஸா கேட்டதற்கு டாக்டர், "கால் பிழைச்சிருக்காதும்மா. முழங்கால் வரைக்கும் மிஞ்சியிருக்கலாம். சொல்ல முடியல" என்றார். தெரெந்தி அங்கேயே சுவரோரம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு யாரும் அவனை 'ரிவர்ஸ்' என்று கூப்பிடவில்லை. மாவும் மருந்தும் அவன் வண்டியில்தான் வந்தன. எல்லோரும் "குஸ்மிச், குஸ்மிச்" என்று மரியாதையாகப் பேசினார்கள். பிரசவத்துக்குப் போகிற பெண்கூடப் பின்னால்தான் ஏறுவாள். அவன் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

ஆறு உறைந்ததும் உலியானா தன் துணிமணிகளையும் தையல் மெஷினையும் சறுக்குவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினாள். மேல்கரையில் அவளுடைய அக்கா வீடு இருந்தது.

"இவ்வளவு பாரத்த இழுத்துட்டா போவ? வண்டியில கொண்டுபோய் விடறேன்" என்றான் தெரெந்தி.

"அதுல நான் ஏற மாட்டேன்."

"நான் காப்பாத்தலயா அவன? யாராவது கொண்டுபோயிருப்பாங்களா?"

"காப்பாத்துன. நான் இல்லேன்னு சொல்லல." கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "உன் முகத்த நான் பாத்துட்டேன் தெரெந்தி."

பனிக்கட்டி மேல் சறுக்குவண்டி கீறிக்கொண்டு போகும் சத்தம் வளைவு வரை கேட்டது. அவன் கொட்டகைக்குள் போய் விளக்கைப் போட்டான். வண்டிக்கு அடியில் படுத்து, பங்குப்பெட்டியின் பழைய எண்ணெயை வடிக்க ஆரம்பித்தான்.