நூல் முனையில் ஒரு புள்ளி

பழைய கோட்டைத் தளர்த்தித் தரச் சொல்லிவிட்டுப் போனார் தபால்காரர். ஆறு வருஷத்துக்கு முன் அக்கா தைத்தது. தங்கை உள்துணியைப் பிரித்தாள். தையல் முடிகிற இடமெல்லாம், நூல் முனையில், கடுகளவு பழுப்புப் புள்ளி.

கத்தரிக்கோல் துணிக்கு மட்டும்தான். நூலை அக்கா பல்லால் கடிப்பாள். தங்கைக்கும் அதே பழக்கம். எதிரெதிரே இரண்டு மெஷின். ஒன்று இப்போது மூடிக் கிடக்கிறது.

அக்காவுக்கு ஈறு நோய். பல் டாக்டர் ஈறுக்கடியில் ஒருமுறை சுத்தம் செய்து, மறுபடி வரச் சொல்லி, கூடவே மீன் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் சி-யும் எழுதிக்கொடுத்தார். மாத்திரை வலிக்காது. அக்கா அதோடு நின்றுவிட்டாள்; சுத்தம் செய்ய மறுபடி போகவில்லை. முன்பல் நாலும் விழுந்தபின், போன வருஷம் சாகும்வரை, வாயைத் துணியால் மறைத்துக்கொண்டுதான் பேசினாள்.

மூன்று மாதமாகத் தங்கை அதே மாத்திரைகளை விழுங்குகிறாள். ஒரு வேளை தவறியதில்லை. சுத்தம் செய்ய மட்டும் போகவில்லை. மீன் வாடை ஏப்பமாக மேலே வரும்போதெல்லாம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

சற்றுமுன் தைத்து முடித்த சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். நூல் முனையில் புள்ளி. சிவப்பு. இன்னும் காயவில்லை.

மூடிய மெஷின் பக்கம் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

டாக்டர் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டு ஆழம் சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதினாள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனால் கெட்ட செய்தி என்றார் முதலிலேயே. மூணு. ரெண்டு. மூணு. அக்கா அளவு சொல்ல இவள் குறித்துக்கொண்ட அதே வேகம். கண்ணை மூடினாள். நூல் கடிக்கிற பல்லில் குரல் நின்றது.

"ஏழு" என்றாள் அக்கா.

கண்ணைத் திறந்தாள். டாக்டர்தான்.

"மாத்திரைய விடாம சாப்பிடுறேனே டாக்டர்."

"சாப்பிடுங்கம்மா. அது பித்தான் மாதிரி. பித்தான் மட்டும் இருந்தா சட்டை ஆயிடுமா?" கம்பியால் பல் நுனியைத் தொட்டார். "நூல் அறுத்த பள்ளம். உங்கக்காவுக்கும் இங்கேயேதான் இருந்துச்சு."

"பல்லு நிக்குமா?"

"இன்னைக்கே ஆரம்பிச்சா நிக்கலாம். இனிமே கடிக்கக் கூடாது."

நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மரத்த வாயோடு திரும்பி வந்து கோட்டை முடித்தாள். நூல் தானாக உதட்டுக்குப் போனது. நிறுத்தினாள். கத்தரிக்கோலை எடுத்து வெட்டினாள்.

எதிரே, மூடிய மெஷின் பக்கம், நூல் கடிபடும் சத்தம் கேட்டது. அவள் தலை நிமிரவில்லை.