தக்க புத்திமதி

இருபது வருஷமாகத் தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். ராயப்பன் கை மனு என்றால் கொஞ்சம் பெயர் உண்டு. சர்க்கார் தமிழில் எனக்கு ஆகவே ஆகாத சொல் ஒன்று இருக்கிறது. அது புத்திமதி.

சின்ன வயதில் அப்பா காதைத் திருகிக்கொண்டுதான் புத்திமதி சொல்வார். மாதா கோவிலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் சாமியார் புத்திமதி சொல்லி, அபராதமாக ஐந்து பரலோக மந்திரமும் கொடுப்பார். தப்புச் செய்தவனுக்கு எங்காவது உறைக்கும். கச்சேரிப் புத்திமதி அப்படியல்ல. ஒன்றும் செய்யவில்லை என்று எழுதக் கூச்சமாக இருந்தால் அந்தச் சொல்லைப் போட்டுவிடுவார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மாரக்காள் வந்தாள். புதுச்சத்திரத்துப் பக்கம் ஒன்றரை ஏக்கர் காடு, புருஷன் இல்லை. பிடுங்கிய கடலைக்காய் களத்தில் குவிந்து கிடக்கிறது. பக்கத்துக் காட்டுப் பச்சமுத்து, ஊரே போய்வந்த வண்டித்தடத்தின் குறுக்கே முள்வேலி போட்டுவிட்டான். வண்டி போகாவிட்டால் காய் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போகாது. மழை பிடித்தால் குவியலிலேயே முளைத்துவிடும்.

"நல்லா உறைக்கிறாப்புல எழுதுங்க சாமி," என்றாள். தாசில்தாருக்கு எழுதினேன்.

பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது. 'ஸ்தல விசாரணை செய்து இரு தரப்பாருக்கும் தக்க புத்திமதி கூறப்பட்டது. மனு முடிக்கப்பட்டது.'

"விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் உனக்கு என்னம்மா புத்தி சொன்னாரு?"

"அனுசரிச்சுப் போம்மான்னாருங்க."

"பச்சமுத்துக்கு?"

"அது தெரியலீங்க. பச்சமுத்து ஊட்டுலதான் எல போட்டுச் சோறு தின்னாரு. ஏப்பம் உட்டுக்கிட்டுப் போயிட்டாருங்க."

அடித்தவனுக்கும் அடிபட்டவளுக்கும் ஒரே புத்திமதியாம். வேலி என்னவோ போட்ட இடத்திலேயே நிற்கிறது. கலெக்டருக்கு எழுதலாம், ஒரு மாதம் ஆகும் என்றேன். மாரக்காள் வானத்தைப் பார்த்தாள். எழுந்து போனாள்.

மறுநாள் விடிந்ததும் கொடுவாளை எடுத்து வேலியை வெட்டி ஒதுக்கியிருக்கிறாள். இடையில் பெய்த மழையில் பாதிக் காய் அதற்குள் முளைவிட்டிருந்தது. மீதியை வண்டியில் ஏற்றி மண்டிக்கு அனுப்பிவிட்டாள்.

பச்சமுத்து போலீசில் போய்ப் புகார் கொடுத்தான். அதற்குப் பதினேழு நாள் ஆகவில்லை. நாலாம் நாளே மாரக்காள் ஒரு காகிதத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். பிறர் வேலியைச் சேதம் செய்த குற்றத்துக்காகக் கோர்ட்டில் ஆஜராக வேண்டும் என்று சம்மன். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

அவள் அழவில்லை. காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏனுங்க, எனக்கும் புத்தி சொல்லி உட்ருக்கலாமில்லீங்க?" என்று கேட்டாள்.