டூலுக்கு வைத்த சந்தனம்

பெங்களூர் பொம்மசந்திராவில் எங்கள் பட்டறைக்கு ஆயுத பூஜை என்றால் நான்தான் பூசாரி. பதினாலு வருஷம் லேத் ஓட்டியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? 1998-இல் மற்றவர்கள் மெஷினுக்கு வெளியே மூணு பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்னப் போனார்கள். சோம்பேறிகள். நான் இரும்பைச் சீவும் டூலைக் கழற்றி, அதற்கும், அதற்கு அடியில் கொடுக்கும் தகடுகளுக்கும் தனித்தனியாகச் சந்தனம் அப்பினேன்.

லீவு முடிந்து வந்ததும் முதலாளி கஸ்தூரிரங்கன் என் முன்னால் வந்து நின்றார்.

"சந்திரன், மூணு மணிக்கு பார்ட்டி வர்றாங்க. சாம்பிள் ஷாஃப்ட் பாஸானா உன் லேத் இருக்கும். இல்லேன்னா அதை வித்துட்டு கம்ப்யூட்டர் மெஷின் வாங்கிடுவேன். நீ ஸ்டோர்ஸுக்குப் போயிடு."

ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுப்பதா? லேத்திடம் ஓடினேன்.

தகடுகளில் சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. பூஜைச் சந்தனத்தைத் துடைத்தால் பாவம். அப்படியே வைத்து டூலை இறுக்கினேன். டூல் ஷாஃப்டுக் கம்பியைத் தொட்டதுமே லேத் கிர்ரென்று அலறியது. ஷாஃப்ட் முழுக்க வரிவரியாக அலை.

டூல் அதிகமாக வெளியே நீட்டினால் இப்படித்தான் அதிரும். உள்ளே தள்ளினேன். முனையைத் தீட்டினேன். வேகத்தைக் குறைத்தேன். அலறல் குறையவில்லை. இரும்பு விற்றவனைத் திட்டினேன், பக்கத்துப் பட்டறைக்காரனைத் திட்டினேன். மணி இரண்டாகிவிட்டது.

யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் அறுக்கப் போனபோது, செக்கிங் பார்க்கும் டோரீன் வந்தாள். பிரேசர் டவுனிலிருந்து வந்து எங்கள் வேலையில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். குனிந்து டூலுக்கு அடியில் பார்த்தாள்.

"என்னண்ணா இது, மஞ்சளா கட்டிகட்டியா?"

"பூஜைச் சந்தனம்மா. துடைக்கக் கூடாது."

"அதை மெஷின் நெத்தியில வைங்கண்ணா. டூல் உட்கார்ற இடத்துல வச்சா அது எப்படி ஆடாம உட்காரும்?"

எனக்கு முகம் செத்துவிட்டது. சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சீமெண்ணெய்த் துணியால் தகடுகளைத் துடைத்து மாட்டினேன். லேத் மூச்சுக் காட்டவில்லை. இரும்பு சுருள்சுருளாக உதிர்ந்தது.

மூணு மணிக்கு வந்தவர் ஷாஃப்டில் தெரிந்த தன் மீசையை ஒதுக்கிக்கொண்டு, பாஸ் என்றார். கஸ்தூரிரங்கன் என் தோளைத் தட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"எல்லாம் நீ பக்தியா பண்ண பூஜைப்பா. அடுத்த வருஷம் எல்லா மெஷினுக்கும் நீயே டூலைக் கழட்டி, உள்ள வரைக்கும் சந்தனம் வச்சிடு."

"சரிங்க சார்," என்றேன்.

டோரீன் அந்தச் சீமெண்ணெய்த் துணியை மடித்து என் கையில் கொடுத்தாள்.