மேஸ்திரி அடைத்த ஓட்டை

"பட்டினி போட்டிருக்கான்" என்று மாமியார் சொன்னது போனில் நன்றாகவே கேட்டது.

மேஸ்திரிக்குக் காது மடல் சுட்டது. போனைப் பிடித்திருப்பவள் மனைவி. பின்னால் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருக்கும் மாமியார் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துவிட்டு, சுவரிடம் சொல்வதுபோல் சொல்கிறாள். பட்டினியாம். வெயிலில் செங்கல் சுமந்து வளர்ந்தவனைப் பார்த்து, ஒரு செடியைப் பட்டினி போட்டான் என்கிறாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லு" என்றான். "நான் குளிக்காம வேலைக்குப் போயிருக்கேன். அது குளிக்காம ஒரு நாள் இருந்ததில்ல."

"அப்புறம் ஏன்யா மஞ்சளா நிக்குது?" என்றாள் மனைவி.

"அதைக் கேளு."

"எதை?"

"செடியை. நாந்தான் பக்கத்துல வச்சுக் காட்டுறேன்ல, கேளு."

அவள் சிரிக்கவில்லை. "மண்ணுல விரலை விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துன்னு சொன்னேனே, அப்படித்தான ஊத்துற?"

"ஊத்துறேன்னு சொல்றேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

செடி இரும்பு ஸ்டூலின் மேல் மண்தொட்டியில் இருந்தது. ஸ்பைடர் பிளான்ட் என்று அவள் சொல்வாள். அவனுக்கு அது சிலந்தி. புல்லைப் போல நீண்ட இலை, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. நீளநீளமான காம்புகளின் நுனியில் குட்டிகள் தொங்கும். அவள் வேலை பார்த்த துணிக்கடையில் ஒரு குட்டியைக் கிள்ளிக்கொண்டுவந்து வளர்த்தது. மூன்றாவது மாடிப் படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லி, வயிற்றுப் பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போகும்போது அவள் அழுதது புருஷனுக்காக அல்ல, இந்தத் தொட்டிக்காக. அன்றைக்கே அவனுக்கு மனத்தாங்கல்.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "இதைப் பச்சையா வச்சிரு. வச்சிருந்தா குழந்தை பொறந்து, தையல் பிரிச்சதும் வந்துடுறேன். இல்லேன்னா எங்கம்மா சொல்றபடி, குழந்தை தவழ்ற வரைக்கும் அங்கதான். ஒரு செடியைப் பாத்துக்கத் தெரியாதவன் கையில பிள்ளையைக் குடுக்க முடியாது."

அந்த வார்த்தையில் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் பாதிப்பேர் தலைக்குமேல் இருக்கும் கூரையை அவன் போட்டிருக்கிறான். பிள்ளையைக் கொடுக்கமாட்டாளாம்.

அவள் சொல்லிவிட்டுப் போன பாடம் முழுக்க அவனுக்கு நினைவிருந்தது. ஜன்னல் வெளிச்சம் படணும், உச்சிவெயில் நேரே படக்கூடாது. குழாய்த் தண்ணியைப் பிடிச்ச உடனே ஊத்தாதே. ராத்திரி வாளியில வச்சு மறுநாள் ஊத்து, இல்லேன்னா நுனி கருகும். எல்லாவற்றையும் செய்தான். ஒன்றை மட்டும் செய்யவில்லை. காயவிட்டு ஊற்று என்றாளே, அதில் அவனுக்கு உடன்பாடு கிடையாது. ஈரத்தைக் காயவிடுகிறவன் எந்த வேலைக்கும் லாயக்கில்லாதவன். புதுத் தளம் போட்டால் அதன்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவேண்டும். தூண் என்றால் ஈரச்சாக்கு சுற்றவேண்டும். ஒரு வேளை தவறினால் வெடிப்பு விழும். கான்கிரீட்டுக்கே அப்படி என்றால் உயிருள்ள செடிக்கு எப்படி?

ஆனால் ஊற்றியது செடிக்குள் தங்கினால்தானே. ஊற்ற ஊற்ற, தொட்டியின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அது வழியாக எல்லாம் ஸ்டூல் காலில் வழிந்து தரைக்கு வந்தது. அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு டீச்சர் மேலே ஏறி வந்தாள்.

"மேஸ்திரி, எங்க வீட்டு மேல்சுவர்ல ஈரம் இறங்குது. சுண்ணாம்பு பொரிஞ்சு சாமான் மேல விழுது. உங்க பாத்ரூமைக் கொஞ்சம் பாருங்க."

"என் பாத்ரூம்ல என்ன டீச்சரம்மா பாக்கணும்?"

"ஒழுகுதான்னு பாக்கணும்."

யாரைப் பார்த்து என்ன கேள்வி. குடிவந்த புதிதில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு அவனே கைப்பட டைல்ஸ் பதித்த குளியலறை அது. மனைவியும் வந்த நாளாக, கதவு மூலை காயவே மாட்டேங்குது, பாருய்யா என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நீ அதிகமாத் தண்ணி அள்ளி ஊத்துற என்று அவளை அடக்கியாயிற்று. குழாய்க்காரன், அவனுடைய கூட்டாளி, ஒருநாள் எட்டிப்பார்த்து, தரையிலதான் கோளாறு என்றான். பைப்புலதான் கோளாறு என்று இவன் சொன்னான். உலகத்தில் எந்தக் கட்டடத்திலும் குழாய்க்காரன் தரையைச் சொல்வான், கொத்தன் பைப்பைச் சொல்வான். அதோடு நின்றது.

இப்போது டீச்சர் வாசலில் நிற்கிறாள். அவனுக்குக் கண் நேரே ஸ்டூலுக்குப் போனது. தரையில் தேங்கி நின்ற தண்ணீருக்குப் போனது.

"இதுதான் டீச்சரம்மா" என்றான். "ஓட்டைத் தொட்டியை வித்திருக்கான் நர்சரிக்காரன். ஏமாந்து வாங்கிட்டு வந்திருக்கா. நாளைக்குப் பாருங்க, ஒரு சொட்டு இறங்காது."

டீச்சர் தொட்டியையும் குளியலறைக் கதவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் போனாள். மேஸ்திரி அன்றைக்கே தொட்டியைப் படுக்கவைத்து, ஓட்டையைச் சுரண்டித் துடைத்து, வெள்ளை சிமெண்ட்டில் நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து கலந்து அடைத்தான். கரண்டியால் தேய்த்து, ஈர பிரஷ் இழுத்து மழுமழுவென்று முடித்தான். காய்ந்தபின் தட்டிப் பார்த்தான். கல் மாதிரி நின்றது. எவனாவது வேறு இடத்தில் செய்த வேலையைப் பார்த்தால் இடுப்பில் கைவைத்து, "எவன் போட்டது இது?" என்று கேட்பது அவன் வழக்கம், ஊரில் பாதி கொத்தன்மார் அந்தக் கேள்விக்குப் பயந்தவர்கள். இந்த வேலையை எவனும் அப்படிக் கேட்க முடியாது.

அதற்குப்பிறகு ஒரு சொட்டு வெளியே வரவில்லை. செடி மஞ்சளானது.

முதலில் வெயிலைத் திட்டினான். ஸ்டூலை ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டான். பிறகு காற்று போதவில்லை என்று ஃபேனுக்கு அடியில் வைத்தான். இலை தொங்கிப்போய், நுனி பழுப்பாகி, பழுப்பு கறுப்பானது. தண்ணீர் போதவில்லைபோல என்று இன்னும் ஊற்றினான். கடைசியில் வேலை நடக்கும் கட்டடத்திலிருந்து ஒரு சாக்கைக் கொண்டுவந்து, நனைத்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினான். தூணுக்குச் செய்வதைவிடப் பதவிசாகச் செய்தான். வீட்டில் சாக்கடை வாடை அடித்தது. பொடிக்கொசு மொய்த்தது. அவன் நகராட்சியைத் திட்டினான்.

பட்டினி என்று மாமியார் சொன்னது இந்த லட்சணத்தில்தான்.

மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. காலையில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் டீச்சர், அவளுக்குப் பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குழாய்க்காரன்.

"நீ எங்கடா இங்க?"

"டீச்சரம்மா கூப்பிட்டாங்க, மாப்ள. கீழ ஈரம் கட்டில் வரைக்கும் வந்துடுச்சாம்."

"என் வீட்டைப் பாக்க உன்னையக் கூட்டிட்டு வர்றாங்க. நீயும் வெக்கமில்லாம வர்ற."

"தொட்டியிலேருந்துதான் ஒழுகுதுன்னு சொன்னீங்க மேஸ்திரி" என்றாள் டீச்சர். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. "அடைச்சுட்டேன்னும் சொன்னீங்க. அடைச்சப்புறம் ஈரம் ஏன் ஜாஸ்தியாகுது?"

குழாய்க்காரன் மூக்கைச் சுளித்தான். "மாப்ள, வீட்டுக்குள்ள என்னடா செத்துக் கிடக்குது?" வாடை பிடித்துக்கொண்டே ஸ்டூலுக்குப் போய், சாக்கை விலக்கித் தொட்டியைத் தூக்கினான். தூக்க முடியாமல் இடுப்பில் தாங்கினான். "கலவைச்சட்டி மாதிரி கனக்குது." அப்படியே சாய்த்து அடியைப் பார்த்தவன், அந்த இடத்தை விரலால் தட்டினான்.

"அடியில என்னடா இது?"

"ஒழுகிச்சு. அடைச்சேன்."

"எதை அடைச்ச?"

"ஓட்டையை."

குழாய்க்காரன் தொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா இருமுகிறானா என்று தெரியவில்லை. "டேய், குளிக்கிற தொட்டிக்கும் ஓட்டை வைக்கிறோம், கூரைக்கும் ஓட்டை வைக்கிறோம், எதுக்கு? தண்ணி போறதுக்குடா. செடி மட்டும் நின்ன தண்ணியில முங்கிக் கிடக்கணுமா? உன்னைய மூக்கடைச்சு நிக்கவச்சா எத்தனை நாள் நிப்ப?"

"அவ சொல்லலைடா" என்றான் மேஸ்திரி. குரல் உடைந்து எழும்பியது. "வெயில் சொன்னா, குழாய்த் தண்ணி சொன்னா, விரலை விடுன்னு சொன்னா. ஓட்டையை அடைக்காதன்னு சொன்னாளா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடைப்பேனா?"

"நெருப்புல கையை வைக்காதன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றாள் டீச்சர்.

மேஸ்திரி தொட்டியைச் சாய்த்துத் தட்டினான். மண் கட்டியாக வந்தது. வெள்ளையாய், கிழங்குபோல் தடித்து இருக்கவேண்டிய வேர் முழுக்கக் கறுத்துக் கூழாகிக் கையோடு வந்தது. நாள்தவறாமல் அவன் ஊற்றிய தண்ணீர் எல்லாம் அங்கேயேதான் நின்றிருந்தது. சிமெண்ட் மட்டும் அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல்.

"விடு மாப்ள" என்றான் குழாய்க்காரன், குரலைத் தாழ்த்தி. "நர்சரியில இதே மாதிரி வரிசையா வச்சிருக்கான். ஒண்ணு வாங்கி வச்சிடு. போன்ல பாத்தா என்ன தெரியப் போகுது?"

மேஸ்திரி ஒரு கணம் நினைத்துப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டினி போட்டான் என்ற பேரோடு புதுச்செடியை நீட்டினால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு மாமியார்தான் முதலில் கண்டுபிடிப்பாள். அதைவிட உண்மையே மேல். பட்டினி போடவில்லை, ஊற்றித்தான் கொன்றேன். அவனே மனைவியைக் கூப்பிட்டான்.

முதலில் தொட்டியின் அடியைக் காட்டினான். அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"வெள்ளை சிமெண்ட்டா?"

"மருந்து கலந்தது. ஒரு சொட்டு கசியல. உங்கம்மாகிட்ட சொல்லு, பட்டினி இல்ல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு, "பாத்ரூம் மூலை காயலன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்" என்றாள். "அதைத் தொடல. தொறந்து இருக்கவேண்டியதைத் தேடிப்போய் அடைச்சிருக்க."

"பாத்ரூம்ல ஒண்ணும் இல்ல."

"சரி. வாயாடாத. வேரைக் கழுவு. அழுகினதெல்லாம் கத்தரிச்சுப் போட்டுட்டு, வெள்ளையா ஒரு துண்டு தேறுதான்னு பாரு. குட்டி எதுவும் விறைப்பா இருந்தா கிள்ளி எடுத்து, அடி மட்டும் நனையிற மாதிரி டம்ளர் தண்ணியில வை. போ."

போனை வாளியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, குளியலறைத் தரையில் குந்தி வேரைக் கழுவினான். குழாய்க்காரனும் டீச்சரும் வாசலில் நின்றார்கள். அழுகின மண் கரைந்து கறுப்புத் தண்ணீராக டைல்ஸ் மேல் ஓடியது. தினமும் குளிக்கிற தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும். இது மை மாதிரி ஓடியது. வடிகாலுக்குப் போகவில்லை. வடிகாலுக்கு முன்னால் கொஞ்சம் தயங்கியது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, நேரே கதவு மூலைக்குப் போனது. அங்கே குளம் கட்டி நின்றது. நின்று, டைல்ஸ் இடுக்கில் சத்தமில்லாமல் இறங்கிக் காணாமல் போனது.

மேஸ்திரி எழுந்து நின்றான். கை தானாக இடுப்புக்குப் போனது.

"எவன்டா வாட்டம் எடுத்தது இதுக்கு, தண்ணி வடிகால் பக்கம் சரிய வேணாமா? கண்ணு அவிஞ்சு போச்சா? இப்படியா ஒருத்தன் தரை போடுவான்? எவன் போட்டது இது?"

சொல்லிமுடித்த பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. குழாய்க்காரன் மேற்கூரையைப் பார்த்தான்.

வாளியின் மேலிருந்து மனைவியின் குரல் வந்தது. "கேளுய்யா. நல்லா சத்தமாக் கேளு."

அவன் மறுபடி குந்தினான். வேர்க்குவியலில் ஒரு வெள்ளைத் துண்டு தேறியது. குட்டிகளில் ஒன்று மட்டும் விறைப்பாக இருந்தது. இரண்டையும் டம்ளரில் வைத்து ஜன்னலில் வைத்தான்.

"டீச்சரம்மா அங்க இருக்காங்களா?" என்றாள் மனைவி. "அக்கா, உங்க சுவரு காஞ்சதும் நீங்களே எனக்குப் போன் பண்ணுங்க. நீங்க சொன்னா வர்றேன். இவர் சொன்னா வரமாட்டேன்."

"பண்றேம்மா" என்றாள் டீச்சர்.

இதைவிட ஒருத்தனை எப்படி அவமானப்படுத்த முடியும்? தன் பெண்டாட்டி வீடு திரும்ப, கீழ்வீட்டுச் சுவர் காயவேண்டுமாம். அதற்கு டீச்சர் சாட்சியாம். மேஸ்திரி சுத்தியலையும் உளியையும் எடுத்துவந்து மூலையில் உட்கார்ந்தான். முதல் அடி தன் கையால் பதித்த டைல்ஸில் விழுந்தது. அது லேசில் பெயரவில்லை. அந்தக் கோபத்திலும், பரவாயில்லை, கெட்டியாத்தான் போட்டிருக்கேன் என்று ஒரு நினைப்பு ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தான்.