சுக்கானுக்கு உப்பு ஆகாது

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், ஜன்னலோரத்தை எனக்கு விட்டுத்தராத ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மருந்துப் பை. அதன்மேல், புண்ணை நக்காமலிருக்க நாயின் கழுத்தில் மாட்டுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் கூம்பு. விக்கிரவாண்டி தாண்டியதும் செல்போனில் சொன்னாள்: "உப்பு மட்டும் போட்டுடாதீங்க அத்த. உங்க கால்ல வேணா வுழறேன்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மயிலம் போவதற்காக நான் கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட்டேன். மற்றதெல்லாம் இட்டுக்கட்டியது. அவள் பெயர்கூடத் தெரியாது. செந்தாமரை என்று வைத்திருக்கிறேன். 2014, கத்திரி வெயில் என்பது மட்டும் உண்மை.

[உண்மை என்று எழுதியதற்காக நம்பிவிடாதீர்கள்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "செந்தாமரையின் நாய் தன் காலைத் தானே தின்றுகொண்டிருந்தது."

பயமுறுத்துகிறேனோ என்று தோன்றியது. அடித்துவிட்டு வேறொன்று எழுதினேன்: "அன்பு என்பது—"

ஆண்டவனே. அதையும் அடித்தேன். முதல் வாக்கியமே தேவலை, அதில் மிகை ஒன்றும் இல்லை.

நாயின் பெயர் சுக்கான். படகைத் திருப்புகிற சுக்கான்தான். பெயர் வைத்தவன் செந்தாமரையின் கணவன் அய்யப்பன், மரக்காணம் பக்கத்துக் குப்பத்துக்காரன், கடலுக்குப் போகிறவன். அவள் திண்டிவனத்தில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். வாடகை வீடு. இப்போது வீட்டில் அவளும் நாயும்தான்.

சுக்கானுக்கு ஒவ்வாமை. அரிப்பெடுத்தால் முன்னங்காலைக் கடிக்கும். மென்றுகொண்டிருக்க வேறு ஏதாவது வாயில் இருந்தால் காலை விட்டுவிடும். இல்லையென்றால் விடாது. கூம்பை மாட்டினால் சுவரில் மோதி உடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

விழுப்புரத்து டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "புண்ணு எலும்பு வரைக்கும் போய்க்கினு இருக்குதும்மா. அடுத்த தபா வர்றதுக்குள்ள ஆறலைன்னா காலை எடுக்கணும். கிட்னி இருக்கிற நிலைமைக்கு, மயக்கமருந்து குடுத்தா எழுந்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாது. கோழி ஆவாது, மாடு ஆவாது. மீன் ஒத்துக்குது. ஆனா உப்பு ஒரு கல்லுகூட படக்கூடாது."

3

நாய்க்கு மெல்ல ஒன்று கொடுப்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்த பிறகு தலை சுற்றியது. கடைகளில் வெள்ளையாக முடிச்சுப் போட்டு விற்கும் 'எலும்பு' எலும்பே இல்லை, மாட்டுத்தோல். கறிக்கடையில் சும்மா கொடுத்த கோழிக்கழுத்தைத் தின்று சுக்கானுக்குக் காதுவரை தடித்துவிட்டது. குழம்பில் வெந்த ஆட்டெலும்பு கூர்கூராகப் பிளந்து குடலைக் குத்தும். தேங்காய் ஓட்டில் பல் போகும். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வகுந்து காயவைத்துக் கொடுத்தாள். நறுக்கென்று முடித்துவிட்டுக் காலுக்குத் திரும்பியது. கேரட்டை மோந்துவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை நான் வர்ணிக்கப்போவதில்லை.

புதுச்சேரிக் கடையொன்றில் 'முழுக்க மீன்' என்று அட்டையில் போட்டிருந்ததை வாங்கிவந்தாள். மருந்துக்கடைக்காரி, பொடியெழுத்தைப் படித்தே பழகியவள், அன்றைக்குப் பார்த்துப் படிக்கவில்லை. கடைசி வரியில் கோழித்தூள் இருந்தது. மறுநாள் காலையில் தரையெல்லாம் ரத்தக் கால்தடம்.

மிஞ்சியது மீன்தோல். கொடுவா மாதிரிப் பெரிய மீனின் தோலை உரித்து, செதிலையும் சதையையும் வழித்துவிட்டு, கயிறாகச் சுருட்டிக் காயவைத்தால் நாய் வெகுநேரம் மெல்லும். முள் பயமும் இல்லை. மொட்டைமாடியில் காயவைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வைத்தாள். வீட்டுக்காரர் வெங்கடாசலம் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்தார்.

"இன்னாம்மா இது, மாடி பூரா கருவாட்டு நாத்தம்? நாயை வெச்சிக்கினு நீ படற பேஜாரைப் பார்த்துதான் இத்தினி நாளும் வாயத் தொறக்கல. இத்த மட்டும் எடுத்துடும்மா."

ஆக, மரக்காணம்தான். அய்யப்பனின் அம்மா கிளியம்மாளிடம்தான் போயாக வேண்டும். எழுதுகிற எனக்கே அந்த வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை.

4

இங்கே நான் ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அய்யப்பன் எப்படிச் செத்தான்?

[செத்தான் என்று எழுதிவிட்டேன். கிளியம்மாள் முன்னால் இந்தச் சொல்லை எடுத்துவிடாதீர்கள்.]

சுனாமி என்று போட்டால் வேலை சுலபம். பாதி அழுகையை நீங்களே அழுதுவிடுவீர்கள். அதனாலேயே போடவில்லை. போன வருடம், சாதாரணக் காற்றடித்த ஒரு விடியலில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். அய்யப்பன் வரவில்லை. உடலும் வரவில்லை.

என் கதையின் குப்பத்தில் செத்தவர்களுக்கு உப்பில்லாமல் படைப்பார்கள். உப்பில்லாத சோறு, உப்பில்லாத மீன். ஊரே சொல்லியும் கிளியம்மாள் மகனுக்கு அதைச் செய்யவில்லை. "உடம்பைக் காட்டு, அப்பால படைக்கிறேன்" என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். கொடியில் கிடக்கும் அவன் கைலியைத் தொட யாரையும் விடுவதில்லை. அவன் பங்குக்கும் சேர்த்து இன்றைக்கும் குழம்பு கொதிக்கிறது, உப்புப் போட்டுத்தான்.

அந்த வீட்டுக்குப் போய் மருமகள் கேட்கிறாள்: உங்கள் மகனுடைய நாய்க்கு உப்பில்லாமல் மீன் காயவைத்துத் தாருங்கள்.

முதல் வரைவில் கிளியம்மாளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதினேன். பொய்யாக இருந்தது. கிழித்துவிட்டு அவள் கையை மட்டும் பார்த்து எழுதினேன்.

கொடுவாத் தோலை அலசிப் பலகையில் விரித்தாள் கிளியம்மாள். விரித்த கை தன்பாட்டுக்கு உப்புச் சட்டிக்குள் போனது. செந்தாமரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, அவ்ளோ சொன்னேன் இல்ல."

"உப்பு போடலன்னா புழு வெக்கும் பொண்ணே."

"கத்திரி வெயிலு அத்த. தோலு மெல்லிசுதான். கொசுவலைய போட்டு மூடி வெச்சா ஜல்தியா காஞ்சிடும்."

"புழுவுக்காவ மட்டுமா சொல்றேன்?" கிளியம்மாள் கையை உருவிக்கொண்டாள். "அவன் மடியில படுத்த நாயி அது. அதுக்கு என் கையால உப்பில்லாம சுருட்டிக் குடுத்தா இன்னா அர்த்தம்? அவனுக்கு வெக்காதத்த அவன் நாயிக்கு வெக்கச் சொல்றியா?"

"நாயி சாவக் கிடக்குது அத்த. அவரு வுட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்."

"இன்னாது? வுட்டுட்டுப் போனதா?"

செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லியாகிவிட்டது. அவளும் இத்தனை நாள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. இருவரும் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஈ வந்து உட்கார்ந்தது, கிளியம்மாள் விரட்டினாள்.

"நீ கெளம்பு. டூட்டிக்கு நேரமாவுது. காய வெச்சு பஸ்சுல குடுத்தனுப்புறேன்."

"உப்பு?"

"அதான் கெளம்புன்னு சொல்றேன் இல்ல."

5

[இது சம்மதமா, மறுப்பா? எழுதிய எனக்கே தெரியவில்லை. கிளியம்மாள் என் பாத்திரம்தான், ஆனால் நான் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.]

நான் பேருந்தில் கேட்ட பேச்சு இதற்கு மறுநாள் வருகிறது. செந்தாமரை விழுப்புரம் போய் மருந்தும் புதுக் கூம்பும் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். மனம் ஆறாமல் போன் போடுகிறாள். கால்ல வேணா வுழறேன் என்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. போனை வைத்த பிறகு அந்தப் பெண் கூம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

6

பொட்டலம் வந்துவிட்டது. மரக்காணம் பஸ் கண்டக்டரிடம் வாங்கிக்கொண்டு செந்தாமரை வீட்டுக்கு ஓடிவருகிறாள். புதுக் கூம்பு உடைந்து கிடக்கிறது. சுக்கான் கட்டுத்துணியைப் பிய்த்துவிட்டுக் காலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. மீன் மணம் எட்டியதும் தலையைத் தூக்குகிறது, வாலை ஆட்டுகிறது.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் உப்பு இல்லை. புண் ஆறுகிறது, ஆனால் அங்கே ஒரு தாய் தன் கையாலேயே மகனைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டாள். மற்றதில் உப்பு இருக்கிறது. மகனை அவள் விட்டுக்கொடுக்கவில்லை, நாய்

[இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.]

தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டாள் என்று கெட்டிக்காரத்தனமாக ஒன்றும் எழுதிப்பார்த்தேன். ஊறிய தோல் கொழகொழத்துப்போகும். மெல்லாமல் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். அதையும் கிழித்தேன்.

நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் வெகுநேரமாக முணுமுணுப்பது காதில் விழுகிறது. அதைத்தான் அவளும் செய்யப்போகிறாள். ஆனால் பொட்டலத்தைப் பிரித்ததுமே அவள் கை நின்றுவிட்டது. சுருள்களைச் சுற்றியிருப்பது கட்டம்போட்ட துணி. அய்யப்பனின் கைலி. யாரையும் தொடவிடாத கைலியைக் கொடியிலிருந்து எடுத்து, நடுவே கிழித்து, அதில் சுற்றி அனுப்பியிருக்கிறாள் கிளியம்மாள்.

தோல் வெள்ளையாக மினுக்குகிறது. செதில் மிச்சமா, உப்பா என்று பார்த்துச் சொல்ல முடியவில்லை. செந்தாமரை ஒரு சுருளை எடுத்து நாக்கில் வைக்கிறாள். கரிக்கிறது.

பொறுங்கள். அவள் அழுதுகொண்டிருக்கிறாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி உதட்டோரமாக வாய்க்குள் போகிறது. கரிப்பது தோலா, கண்ணீரா? முகத்தை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். கைலியைப் பார்த்ததும் மறுபடி பொங்குகிறது.

"இரு சுக்கான். இருடா கண்ணு. பார்த்துட்டுத் தர்றேன்."

சுக்கான் இருக்காது. வாலை நிறுத்திவிட்டுக் காலை நோக்கிக் குனிந்துவிட்டது.

என்னாலும் உதவ முடியாது. கைலியைப் பற்றி எழுதியதிலிருந்து என் வாயும் கரிக்கிறது. பொட்டலத்தில் இன்னொரு சுருள் இருக்கிறது. இப்போது வேண்டியதெல்லாம் அழாத நாக்கு ஒன்று. உங்களுடையதை நீட்டுங்கள், சீக்கிரம்.