தவராசா ஏன் படலையைத் திறக்கவில்லை

தவராசா செத்துப்போனவன் என்று உலகத்திலேயே முதலில் சொன்னது நான்தான். சென்னையிலே இருந்து வீடியோ போடுகிற அந்தத் தாடிக்காரன் இல்லை, ரொறன்ரோவில் இருந்து போடுகிற அண்ணன்மாரும் இல்லை. கல்முனைக்குடியில், எங்கள் வீட்டு மேல்மாடி அறையில், எதிரொலி கேட்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டிவைத்து, மைக்குக்கு முன்னால் இருந்து நான் சொன்னேன். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். என் புருஷன் றிபாத் கண்சாடை காட்டினாலும் நிறுத்தமாட்டேன்.

‘பூவரசு ஒழுங்கை’ பார்க்காதவர்களும் இருப்பார்கள், பாவம். எட்டுப் பாகத் தொடர். மட்டக்களப்புப் பக்கம் ஐந்தாறு பொடியன்கள் சேர்ந்து எடுத்து இணையத்தில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டார்கள். பேட்டி இல்லை, விளம்பரம் இல்லை. குறுகலான ஒழுங்கையின் கடைசியில் ஒரு வீடு, அதிலே இந்திராணியும் அவள் மகளும். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் புருஷன் தவராசா ஒரு பையோடு வந்து வேலிப் படலையடியில் நிற்பான். படலைக்குப் பூட்டு இல்லை. ஆனாலும் உள்ளே போகமாட்டான். அவனோடு யாரும் கதைக்கவும் மாட்டார்கள். எட்டாம் பாகத்தில் மழையில் நிற்கிறான். இந்திராணி வாசல் வரைக்கும் வந்து வெளியே பார்க்கிறாள், விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போகிறாள். அவ்வளவுதான், முடிந்தது. இப்படி முடித்தால் மனிசருக்கு நித்திரை வருமா?

எனக்கு வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், ஆதாரம் இல்லாமல் வாய் திறக்கமாட்டேன். தேடினேன். அவனைக் கண்டு நாய் குரைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவனை உரசிக்கொண்டு போகிறாள், திரும்பியும் பார்க்கவில்லை. மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு மூடியிருக்கிறது, அதை யாரும் தின்பதில்லை. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஆள் செத்துவிட்டான், நிற்பது ஆவி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதை நான் சொன்ன வீடியோவோடுதான் எங்கள் ‘ஓமா இல்லையா’ யூடியூப் சனல் ஊர் எல்லை தாண்டியது.

நாங்கள் என்றால் நானும் றிபாத்தும். அவருக்குக் கல்முனை பஸாரில் போன் திருத்துகிற கடை. கடையில் வாய் மூடாத மனுஷன் மைக்கைக் கண்டால் எப்படி மூடுவார்? நான் ஓம் என்றால் அவர் இல்லை என்பார். சனம் ஆய்வைக் கேட்க வருவதில்லை, சண்டையைக் கேட்கத்தான் வருகிறது என்று என் உம்மா சொல்வார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் தவராசா விஷயத்தில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி. இரண்டாவது சீசன் வெள்ளிக்கிழமை காலை வெளியாகிறது என்று அறிவித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிக் குதித்தேன். தவராசாவைப் பற்றிக் கதைக்கிற எல்லாச் சனல்களும் ஓர் ஒப்பந்தம் செய்தன: வியாழன் பின்னேரம் ஒவ்வொருவரும் லைவில் தங்கள் கடைசி வாக்கைச் சொல்ல வேண்டும், பிறகு மாற்றக்கூடாது. தாடிக்காரன் என் தியரியைத் தூக்கி, என் பேரைச் சொல்லாமல், தன்னுடையது மாதிரிப் பேசிக்கொண்டு திரிந்தான். வெள்ளிக்கிழமை நான் சொன்னது சரி வந்தால் என்னுடைய பழைய வீடியோவைத் திகதியோடு தூக்கிப் போடலாம். முகப்புப் படம்கூடச் செய்து வைத்துவிட்டேன். என் முகம், பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘அண்டைக்கே சொன்னன்’. அந்த ஒரு நாளுக்காகத்தான் இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் றிபாத் லைவுக்காகப் படலைக் காட்சிகளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கையை எடுத்துவிட்டார்.

“புள்ள, இவன் மௌத்தாகல்ல.”

“என்ன? சாகல்லயா?”

“இவன் ஹயாத்தோட இரிக்கான். ரெண்டு வரிசமா நாம விசர்க்கதை கதைச்சிரிக்கம்.”

நான் அடித்துவிடுவேனோ என்று பயந்து கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

“இது ஆர்ர ஊடு?”

“தவராசாட ஊடு.”

“ஆர் சொன்ன?”

யார் சொன்னது? எட்டுப் பாகத்திலும் யாரும் சொல்லவில்லை. உலகத்திலுள்ள எல்லாப் படத்திலும் வீடு ஆம்பிளையின் வீடு, அதனால் இதுவும் அப்படித்தான் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

“நம்மட பக்கத்தில எந்த ஊடு ஆம்புளைட ஊடு, சொல்லு பாப்பம்?” என்றார் றிபாத்.

இந்தக் கிழக்குக் கரையில் முஸ்லிம் என்றாலும் தமிழர் என்றாலும் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு வீட்டைக் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். சண்டை என்று வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகிறது புருஷன்தான். நான் இருக்கிற இந்த வீடும் வாப்பா எனக்குக் கட்டித் தந்தது. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டைக் காணாமல் விட்டிருக்கிறேன்.

“ரெண்டாம் பாகத்தப் போடுங்க,” என்றேன்.

போட்டார். ஓடு மாற்ற வந்த மேசன், மாற்றட்டுமா என்று இந்திராணியிடம்தான் கேட்கிறான். நாலாம் பாகத்தில் தேங்காய் பறிக்க வந்தவனும் அவளிடம்தான் கேட்கிறான். சாவிக்கொத்து அவள் இடுப்பில். எத்தனை தரம் பார்த்திருப்போம்!

“அப்ப நாய்?”

“ஊட்டு ஆம்புளையக் கண்டு நாய் ஏன் குரைக்கிற?”

“பக்கத்து ஊட்டுக்காரி?”

“அவ இந்திராணிட தங்கச்சியா இரிக்கும். மச்சான் கோவிச்சிட்டுப் போய்த் திரும்பி வந்து நிக்கார். கண்ட மாதிரிக் காட்டினா ரெண்டு பேருக்கும் வெக்கம்.”

“மூடி வெச்ச சோறு?”

“கோவம் வேற, சோறு வேற.”

“இல்ல, மௌத்துத்தான்!” என்று கத்தினேன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “மௌத்து, மௌத்து!”

உம்மா படியேறி மூச்சு வாங்க ஓடிவந்தார். “ஆருகா மௌத்தாகின?”

“ஆருமில்ல உம்மா. தவராசா.”

“எந்தத் தவராசா? காரைதீவு மாஸ்டரா? அல்லாஹ், நேத்தும் பஸாரில கண்டனே.”

உம்மாவை ஆறுதல்படுத்திக் கீழே அனுப்பப் பெரும் பாடாகிவிட்டது. அதற்குப் பிறகும் நாங்கள் ஓயவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு காட்சியும் புதிதாகத் தெரிந்தது. கோபம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம், தேத்தண்ணி ஆறிப்போனது ஒரு பக்கம். கடைசியில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது.

“சரி, கோவிச்சிட்டுப் போனவன் திரும்பி வந்திரிக்கான். படலைக்குப் பூட்டில்ல. ஒரு தள்ளுத் தள்ளினா உள்ள. ஏன் தள்ளல்ல?”

றிபாத் கணினியை அணைத்தார். “லைவில சொல்றன்,” என்றார்.

பதில் இல்லாதவன் சொல்கிற சாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சனம் திரண்டது. கொமெண்ட்கள் மழை மாதிரிக் கொட்டின. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் ‘விடாதீங்க மிஸ்’ என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நாயைச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரியைச் சொன்னேன், சோற்றைச் சொன்னேன். றிபாத் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். பாதிச் சனம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் என் துருப்புச் சீட்டை இறக்கினேன்.

“உயிரோட இரிக்கிற மனிசன் ஏன் படலையத் தள்ளல்ல? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

றிபாத் ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டார்.

“கூப்பிடாம எப்பிடிப் போற?”

“அவன்ட பொஞ்சாதி, அவன்ட புள்ள. என்னத்துக்குக் கூப்பிடுற?”

“ஊடு அவன்டதில்லயே. கோவிச்சிட்டு வெளிக்கிட்டவன் தானாத் திரும்பி உள்ள போறது லேசில்ல. நானும் நிண்டிரிக்கன்.”

“எங்க?”

“நம்மட கேற்றுக்கு முன்னால.”

கல்யாணம் முடித்த முதல் வருஷத்துச் சண்டை அது. மைக்கை மாட்டுவதற்கு அவர் இந்த அறைச் சுவரில் துளை போட்டார். ‘ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போட்டிரிக்கலாமே மருமகன்’ என்றார் உம்மா. றிபாத் உம்மாவிடம் தலையை ஆட்டிவிட்டு என்னோடு பொரிந்து தள்ளினார், பையைத் தூக்கிக்கொண்டு அக்கரைப்பற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போனார். போனது அவர், நான் ஏன் கூப்பிட வேண்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு உம்மாதான் போன் எடுத்துக் கூப்பிட்டார். வந்தார். அதோடு முடிந்தது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

“ஒவ்வொரு நாளும் கடையப் பூட்டிட்டு நேர இஞ்ச வருவன்,” என்றார் றிபாத். கமராவை மறந்து என்னிடம் கதைத்துக்கொண்டிருந்தார். “சைக்கிள நிப்பாட்டிட்டு நிப்பன். மேல லைட் எரியும். நீ ஜன்னலடிக்கு வந்தாக் காணுவாய். வரல்ல. பொறகு சைக்கிளக் கடையில போட்டுட்டு பஸ் எடுத்துப் போயிருவன்.”

“கேற்றத் தள்ளிட்டு வந்திரிக்கலாமே.”

“அதத்தானே சொல்றன். ஏலாது புள்ள.”

அந்தக் கிழமை முழுக்க அவர் தாய் வீட்டில் நன்றாகத் தின்றுவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கிறார் என்று நினைத்து நினைத்து எரிந்தவள் நான்.

“நான் ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சோறு போட்டு மூடி வெச்சன்,” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதே.”

கொமெண்ட்கள் நின்றுவிட்டன. லைவ் அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு மருதமுனையிலிருந்து ஒருவர் எழுதினார்: ‘நானும் நிண்டிரிக்கன்.’ அடுத்து நிந்தவூர்: ‘நானும்.’ பாண்டிருப்பு: ‘நானும் அண்ணே, மழைக்க.’ காத்தான்குடி, திருக்கோவில், கட்டாரில் வேலை செய்கிற சாய்ந்தமருதுக்காரர் ஒருவர். ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. இந்தக் கரையில் இத்தனை ஆம்பிளைகள் இத்தனை கேற்றுகளுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டு வருஷத்தில் எந்த லைவிலும் நான் இப்படிப் பரவசப்பட்டதில்லை.

கடைசி வாக்குச் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. பழைய வீடியோ தயார், முகப்புப் படம் தயார். மௌத்து என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும். சொல்ல வாய் வரவில்லை. மழையில் நிற்கிற அந்த மனுஷனைச் சாகடிக்க எனக்கு மனமில்லை.

“தவராசா ஹயாத்தோட இரிக்கார்,” என்றேன். “ஆரும் கூப்பிட்டா உள்ள வருவார். இதான் எங்கட கடைசி வாக்கு.”

எங்கள் முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கடையும் மதியம் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகுதான். காலையிலேயே இரண்டு பேரும் திரைக்கு முன்னால் குந்திவிட்டோம். தொடங்கி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, எட்டுப் பாகத்திலும் காட்டாத வீட்டுச் சுவரைக் காட்டினார்கள். தவராசாவின் படம். படத்துக்கு மாலை.

“யா அல்லாஹ்,” என்றார் றிபாத்.

செத்துத்தான் போயிருந்தான். நான் சொன்னதுதான் சரி, ஆனால் என் வாயாலேயே நேற்று அதை அழித்துவிட்டேன். செத்தவன் என்றே வாக்குச் சொல்லியிருந்த தாடிக்காரன் அந்த நிமிஷமே லைவுக்கு வந்து குதித்தான். ‘முதலில் சொன்னவ கடைசி நாளில் ஓடிட்டா’ என்று ஒருவன் எங்கள் பக்கத்தில் எழுதினான். போனைத் தூக்கி எறியப் பார்த்தேன், றிபாத் பிடுங்கிக்கொண்டார். “இரு புள்ள, பாரு,” என்றார்.

அவன் எப்படிச் செத்தான் என்பது பிறகு வந்தது. ஒரு சண்டை, அற்பச் சண்டை. ‘இது என்ட ஊடு’ என்கிறாள் இந்திராணி. தவராசா பையைத் தூக்குகிறான். ஒழுங்கையின் முடிவில், பெரிய ரோட்டில், பஸ் மோதிவிடுகிறது. அவ்வளவு நாளும் படலையடியில் நின்றது ஆவிதான். ஆனால் ஆவியும் கூப்பிடாமல் உள்ளே போகவில்லை. கடைசிக் காட்சியில் இந்திராணி முற்றத்தில் இறங்கி, வெறும் ஒழுங்கையைப் பார்த்து, “உள்ள வாங்களன்” என்கிறாள். படலை மெதுவாகத் திறக்கிறது.

நான் வாய்விட்டு அழுதேன். றிபாத் மூக்கை உறிஞ்சினார்.

“ரெண்டு பேரும் சரி,” என்றார்.

“இல்ல, ரெண்டு பேரும் பிழை,” என்றேன்.

அதிலே ஒரு சண்டை பிடித்துவிட்டு அவர் ஜும்ஆவுக்குப் போனார். நான் முகத்தைக் கழுவிவிட்டு எங்கள் வீடியோவின் கீழே வந்த நக்கல்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். நாலைந்து எழுதியிருப்பேன், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜன்னலடிக்குப் போனேன். றிபாத் கேற்றுக்கு வெளியே நின்று யாரோ ஒரு வாடிக்கையாளருடன் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலிலிருந்து வருகிற சனம் ரோட்டை நிறைத்துக்கொண்டு போனது.

“இஞ்சரிங்க, உள்ள வாங்க,” என்று மேலேயிருந்து கூப்பிட்டேன்.

ரோட்டில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த உம்மா, “என்னத்துக்குகா இந்தக் கத்துக் கத்துறாய்?” என்றார்.

றிபாத் போனைக் காதிலிருந்து எடுத்தார். “வந்துட்டுத்தானே இரிக்கன்.”

“தெரியும். இருந்தாலும் கூப்பிடுறன். வாங்க.”

போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு கேற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.